மறுநாள் காலை எழுதிய தாள்

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73ஆவது விநாடியில் வெடித்துச் சிதறியது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மறுநாள் காலையே மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து, 44 பேரிடம் அதே கேள்விகள்.

ஒரு மாணவி முதலில் எழுதியது: சமய வகுப்பில் இருந்தபோது சிலர் உள்ளே வந்து பேசிக்கொண்டார்கள், பிறகு அறைக்குப் போய்த் தொலைக்காட்சியில் பார்த்தேன். பின்னாளில் சொன்னது: விடுதி அறையில் தோழியுடன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வகுப்பறை அடியோடு காணாமல்போய்விட்டது. 44 பேரில் 11 பேர் சொன்னவற்றில் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. பலரோ அடித்துச் சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகும் பழைய நினைவு யாருக்கும் திரும்பவில்லை.

மூளை ஒரு நிகழ்வை முழுசாக எடுத்துவைப்பதில்லை. காட்சி, ஒலி, உணர்ச்சி எல்லாம் வெவ்வேறு பகுதிகளில் பதிகின்றன. மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி அவற்றை இணைக்கிறது. நினைக்கும்போதெல்லாம் துண்டுகளைத் திரும்பக் கோக்க வேண்டும். இடைவெளி இருந்தால், நடந்திருக்கக்கூடியது அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மாணவி தொலைக்காட்சி பார்த்தது உண்மை, வரிசைதான் மாறியது. நினைவுகூர்ந்த நினைவை மூளை மறுபடி சேமிக்கப் புதிய புரதங்கள் தேவை என்று 2000இல் நரம்பியல் ஆய்வாளர் கரீம் நாடெரின் குழு எலிகளில் காட்டியது. அந்தப் புரதங்கள் உருவாவதைத் தடுத்தபோது, எலிகள் பழகியிருந்த அச்சம் மங்கியது.

நினைவு இப்படி மாறும்போது கைகொடுப்பது டைரி. அதுவும் முழு உண்மை அல்ல; எழுதுகிறவர் அன்றிரவே சிலவற்றை விழுங்கிவிடுவார். ஆனால் பின்னால் நடந்தவை அந்தப் பக்கத்துக்குள் நுழைய முடியாது. எனக்கு அதன் பெரிய பயனாகத் தெரிவது இதுவே. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். 1761 ஜனவரியில் அந்த நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன் அவர் இறந்துவிட்டார். முடிவு தெரியாதவரின் எழுத்து என்பதால்தான் வரலாற்று ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம்.

எதை எழுதுவது? பெரிய நாள்களை எல்லோரும் எழுதுவார்கள். 2014இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வொன்றில், ஒன்றும் நடக்காத சாதாரண நாளைப் பற்றிய குறிப்புதான் பிற்பாடு படிக்கையில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சுவைத்தது. அதனால் டீக்கடையில் கொடுத்த காசையும் எழுதலாம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பேசியதையும் எழுதலாம். படுக்கப் போவதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது.