பாட்டியையும் கூட்டி வாருங்கள்

மதுரையில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து வரும், வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பங்கள் உட்கார்ந்ததுமே சொல்வது, "இப்ப வீட்ல எங்க பாஷையை நிறுத்திட்டோம் மேடம், தமிழ் மட்டும்தான்." யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டால் பள்ளிக்கூட மிஸ், பக்கத்து வீட்டுக்காரர், சில நேரம் டாக்டரே. ஆரம்பத்தில் நானும் அப்படிச் சொன்னவள்தான், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் ரெண்டு வயது முடிந்த பையன் ஒருவன் வந்தான். தமிழில் 20 சொல்கூடத் தேறவில்லை. தண்ணீர் டம்ளரைக் காட்டினேன், வாயைத் திறக்காமல் பாட்டியைப் பார்த்தான். "நீங்க வீட்ல பேசுற மாதிரியே கேளுங்கம்மா" என்றேன், அவர் கேட்ட அடுத்த நொடி "பானி" என்றான்! வீட்டில் அவன் சொல்வதையெல்லாம் எழுதிவரச் சொன்னதில் ஒரு வாரத்தில் ரெண்டு பக்கம் நிரம்பியிருந்தது. இந்த வயதில் சுமார் 50 சொல், அப்புறம் ரெண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவது, இதைத்தான் நாங்கள் பார்ப்போம். ரெண்டு மொழியையும் சேர்த்து எண்ணினால் அவன் அதைத் தாண்டிவிட்டான். தமிழில் மட்டும் சோதித்திருந்தால் 'தாமதம்' என்று எழுதியிருப்பேன்.

ரெண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. உண்மையிலேயே தாமதம் என்றால் அது ரெண்டிலும் தெரியும், அப்போது முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. மொழியை நிறுத்துவதால் நடப்பது ஒன்றுதான்: கொஞ்சலும் கதையும் வீட்டுப் பேச்சிலேயே வரும் பாட்டி, குழந்தையிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார்.

2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் பேசுவோர் சுமார் 2.5 லட்சம் பேர். தனி எழுத்து உண்டு, 2008இல் யூனிகோடிலும் சேர்ந்துவிட்டது, ஆனால் என்னிடம் வரும் பெற்றோரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் அபூர்வம். ந, ம, ர, ல போன்ற ஒலிகளை மூச்சோடு கலந்து சொல்வார்கள், அந்த எழுத்தில் அதற்கென்றே ஒரு குறி இருக்கிறது, தமிழ் எழுத்தில் கிடையாது. எழுத்தை வாசிக்காத வீட்டில் அந்த ஒலி பிள்ளைக்கு வர பேசுகிறவர் வாய் ஒன்றுதான் வழி. படுகு பேசும் நீலகிரி வீடுகளுக்கும், தெலுங்கு பேசும் கரிசல்காட்டு வீடுகளுக்கும் நான் சொல்வது இதேதான்.

அதனால் அடுத்த முறை வரும்போது பாட்டியையும் கூட்டி வாருங்கள். எனக்குத் தெரிந்த சௌராஷ்டிரம் டம்ளர் தண்ணீரோடு முடிந்துவிடுகிறது, அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் என் நோட்டில் பாதி காலியாகத்தான் கிடக்கும்.