பங்கர்: பதுங்கு குழியா, மணற்பள்ளமா?

"பந்து பதுங்கு குழிக்குள் விழுந்தது" என்று கோல்ஃப் செய்தியை மொழிபெயர்த்தால், மைதானத்தில் குண்டு போடுகிறார்களோ என்று தோன்றும். குண்டுவீச்சுக்குத் தப்பி ஆள் ஒளிவது பதுங்கு குழி. கோல்ஃபில் பங்கர் என்பது ஆட்டக்காரரின் பந்தை மாட்டவைக்கும் மணல் நிரம்பிய பள்ளம்; அதற்குள் போனவர் எப்படியாவது வெளியே வரத்தான் பார்ப்பார்.

சொல் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. உட்காரவும் உதவுகிற மரப்பெட்டிக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கே இந்தப் பெயர் உண்டு. நம் பழைய வீட்டு மரப்பெட்டகத்தை நினைத்துக்கொள்ளலாம். பிறகு கப்பலில் நிலக்கரி கொட்டும் அறையும் பங்கர் ஆனது. கடலோர மணல்மேட்டு மைதானங்களில் இருந்த பள்ளங்களை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படி அழைத்தார்கள். ராணுவப் பொருள் உலகப் போர்களை ஒட்டி வந்தது. வயதில் கோல்ஃப் பங்கர்தான் அதற்கு அண்ணன்.

தமிழில் என்ன சொல்லலாம்? அமெரிக்கப் பேச்சுவழக்கான 'சாண்ட் டிராப்'பை 'மணற்பொறி' ஆக்கினால் எலிப்பொறிதான் நினைவுக்கு வரும். 'மணற்குழி' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்து கடைசியாகப் போய்ச் சேரும் துளையையும் குழி என்கிறோம், '18 குழி மைதானம்' என்கிறோம். "பந்து குழியில் விழுந்தது" என்றால் ஆட்டக்காரர் ஜெயித்தாரா, மாட்டிக்கொண்டாரா? அந்தக் குழப்பமே வராத சொல் மணற்பள்ளம். மணல், பள்ளம் சேரும்போது லகரம் றகரமாகும்.

இனி அதிலிருந்து வெளியே வரும் வழி. இதற்கென்றே உள்ள மட்டை சாண்ட் வெட்ஜ்; முகச்சரிவு, அதாவது பந்தை அடிக்கும் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், பொதுவாக 54 முதல் 56 டிகிரி. வெட்ஜ் என்றால் ஆப்பு. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரசென் இந்த மட்டையின் அடியைப் புடைப்பாக்கி, அதைக் கொண்டு 1932 பிரிட்டிஷ் ஓபனை வென்றார். அந்தப் புடைப்புக்குப் பவுன்ஸ் என்று பெயர். மணல் அள்ளும் சித்தாளைப் பாருங்கள்: மண்வெட்டித் தகட்டைக் குத்தாகப் போட்டால் உள்ளே இறங்கி நின்றுவிடும், படுக்கையாக இழுத்தால் மேலாக வழித்துக்கொண்டு வரும். பவுன்ஸ் செய்வது இரண்டாவது வேலை.

முதலில் மட்டை முகத்தை வானம் பார்க்கத் திறந்து, அதன்பிறகே கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் மணிக்கட்டைத் திருப்பித் திறந்தால், வீசும்போது முகம் தானாக மூடிக்கொள்ளும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடது குதிகாலுக்கு நேராக. பாதங்களை மணலில் சற்றே புதைத்து, உடல் எடையில் 60 சதவீதத்தை இடதுகாலில் வையுங்கள். பந்துக்கு 5 செ.மீ. பின்னால் மட்டை மணலுக்குள் புக வேண்டும். பந்தை மட்டை தொடவே தொடாது. கிளம்பும் மணல்தான் பந்தைத் தூக்கிப் போடுகிறது. பயந்துபோய் பாதியில் கையை நிறுத்தினால் பந்து இருந்த இடத்திலேயே கிடக்கும். மணலை விட்டுப் பந்தின் வயிற்றில் அடித்தால் எதிர்க்கரைக்குப் பறக்கும். அடிக்குமுன் மட்டையைப் பந்தின் அருகே மணலில் ஊன்றவோ, பின்வீச்சில் மணலைத் தொடவோ கூடாது. மீறினால் அடிகளின் கணக்கில் இரண்டு (ஸ்ட்ரோக்) அபராதமாகக் கூடும். 2019 முதல் சருகு, கல்லை எடுத்துப் போட அனுமதி உண்டு, பந்து அசையாமல்.

கொடைக்கானலில் 1895 முதல் கோல்ஃப் கிளப் இருக்கிறது. ஆனால் மதுரைக்காரர் பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் மலையேற வேண்டியதில்லை, கட்டட வேலைக்கு இறக்கிய மணலைப் பரப்பினாலே போதும். பந்தே வேண்டாம். ஒரு கோடு கிழித்து, கோட்டிலேயே மட்டை புகும்படி இருபது முறை வீசுங்கள். எந்த மணல் என்று மட்டும் கவனியுங்கள். ஆற்றுமணல் உருண்டை மணி, கால் புதையும், பந்தும் புதையும். எம்-சாண்ட் உடைத்த கல், கோணலான மணி. நனைந்தால் இறுகிவிடும், பவுன்ஸ் அதிகமுள்ள மட்டை அதில் பட்டுத் துள்ளிப் பந்தின் வயிற்றுக்கே போகும். அங்கே முகத்தைக் குறைவாகத் திறக்க வேண்டும்.

பந்து பாதி புதைந்து, சுற்றிலும் மணல் வளையம் நிற்பதை ஆங்கிலத்தில் பொரித்த முட்டை என்பார்கள். புரோட்டாக் கடை பக்கம் போகிறவர்களுக்கு அது ஆஃப் பாயில். அதற்கு முகத்தைத் திறக்காதீர்கள். நேராக வைத்து, செங்குத்தாக, வளையத்தின் விளிம்பிலேயே இறக்குங்கள். பந்தில் சுழற்சி இருக்காது, விழுந்தபின் நெடுந்தூரம் உருளும். குழியில் நட்டிருக்கும் கொடிக்கு வெகு முன்னாலேயே விழும்படி அடியுங்கள்.