மீன்குஞ்சு விடுவதற்கு முன் வாலைப் பாருங்கள்

காவிரியில் மீன் கணக்கெடுப்புக்குப் போயிருந்தபோது, வயதான பரிசல்காரர் ஒருவர் வலையில் சிக்கிய மஹசீர் என்ற பெரிய கெண்டை வகை ஆற்றுமீன் ஒன்றைக் காட்டினார். முழங்கை நீளம் இருக்கும். நான் அளவுப் பலகையை எடுப்பதற்குள், "இது நம்ம ஆத்து மீன் இல்லீங்க, வாலைப் பாருங்க" என்றார். வால் நீலம் கலந்த சாம்பல். அவர் சிறுவயதில் பார்த்த மீனுக்கு வால் ஆரஞ்சாக இருக்குமாம். தலைக்குப் பின்னாலேயே முதுகு திமில்போல எழும்பி நிற்குமாம்.

அவர் சொன்னது கூன்முதுகு மஹசீர். காவிரியும் அதன் துணையாறுகளும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. இவ்வளவு பெரிய மீனுக்கு டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர்தான் பொருந்தும் என்பது 2018இல்தான் தெளிவானது. அந்த ஆண்டே அழிவின் விளிம்பில் உள்ள இனமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்தத் தாமதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அணை, மணல் அள்ளுதல், வெடி போட்டுப் பிடிப்பது எல்லாம் காரணங்கள்தான். மழைக்காலத்தில் மேல்நோக்கி ஏறி, ஓடுகிற நீரில் சரளைக்கல் மேல் முட்டையிடும் மீன் இது. வழி அடைபட்டாலும் சரளை போனாலும் குஞ்சு இல்லை.

ஆனால் நான் அதிகம் பேச விரும்புவது நல்லெண்ணத்தில் நடந்த ஒன்றைப் பற்றி. மஹசீர் குறைகிறதே என்று, பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டார்கள். அது வேறு ஆறுகளின் மீன். 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் பதிவுகளில் மஹசீர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. பிரித்துப் பார்த்தால், கூடியது நீலத்துடுப்பு. கூன்முதுகு கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்போம்.

இன்று கூன்முதுகைத் தேட வேண்டுமென்றால் முதலில் நீலகிரிப் பகுதியில் ஓடும் மோயாற்றுக்குத்தான் போக வேண்டும். அங்கே வேறு எந்த மஹசீரையும் விடவே கூடாது. உங்கள் ஊர் ஆற்றில் குஞ்சு விடும் நிகழ்ச்சி நடந்தால், எந்த இனம், எந்த ஆற்றுத் தாய்மீனிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். ஆரஞ்சு வால் மீன் வலையில் பட்டால் கரையில் போடாதீர்கள். தண்ணீரிலேயே வைத்து, பக்கவாட்டில் வால் தெரிய ஒரு படம் எடுத்துவிட்டு, அங்கேயே விட்டுவிடுங்கள். அப்புறம் அந்தப் படத்தை மீன்வளத் துறையிடமோ வனத்துறையிடமோ காட்டுங்கள்.