அப்டேட் பாதில நின்னா டிபிகேஜி தன் கணக்கை எப்படி காப்பாத்திக்குது?

வியாசர்பாடில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. வீட்ல பழைய டெஸ்க்டாப், அதுல உபுண்டு. அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போயிடுச்சு, யுபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்துப்போனது, திரும்ப ஆன் பண்ணா பாட்டு ஓடுது, ப்ரௌசர் ஓடுது, எல்லாம் ஓகே, ஆனா புதுசா எந்த சாஃப்ட்வேரையும் போட முடியல. முதல்ல டிபிகேஜி (உபுண்டுல சாஃப்ட்வேரை ஏத்தி வைக்கிற ப்ரோக்ராம்) பாதில நின்னுபோச்சு, இந்த கமாண்டை அடின்னு ஒரு மெசேஜ். அடிச்சா ஸ்டேட்டஸ் ஃபைல்ல ஏதோ ஒரு வரியை படிக்க முடியலன்னு வேற எர்ரர். தெருமுனை சர்வீஸ் கடைல வைரஸ்னு சொல்லி ஃபார்மட் பண்ணிடலாம்னுட்டாங்களாம். "அண்ணே, ஃபார்மட் பண்ணாம முடியாதா, அப்புறம் இது ஏன் ஆச்சு"ன்னு கேள்வி.

முடியும் தம்பி. வைரஸும் இல்ல ஒண்ணும் இல்ல. அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி மொட்டைமாடில நின்னா தெரியுற ஏரியால இருந்துட்டு கரண்ட் போய் கம்ப்யூட்டர் பேஜாராகுதுன்னு கேள்வி வர்றதே ஒரு தனி கதை, அத விடுங்க.

பேக்கேஜ் மேனேஜர்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும், சுருக்கமா சொல்லிடுறேன்: பேக்கேஜ்னா கட்டி வெச்ச ஒரு சாஃப்ட்வேர், அதை ஏத்தி, மாத்தி, எடுக்கிற ப்ரோக்ராம்தான் மேனேஜர். உபுண்டு, டெபியன், மின்ட் எல்லாத்துலயும் ரெண்டு அடுக்கு. மேல ஆப்ட், அது நெட்ல இருந்து எது வேணும், எதுக்கு எது தேவைன்னு பாத்து இறக்கும். கீழ டிபிகேஜி, அதுதான் நிஜமா பிரிச்சு டிஸ்க்ல வைக்கிற ஆளு. ஆப்ட் கிட்ட இருக்குற லிஸ்ட் கெட்டுப்போனா கவலையே இல்ல, அந்த லிஸ்ட் ஃபோல்டரை காலி பண்ணிட்டு ஆப்ட் அப்டேட் அடிச்சா சர்வர்ல இருந்து திரும்ப வந்துடும். ஆனா டிபிகேஜியோட கணக்கு எந்த சர்வர்லயும் கிடையாது. உங்க மெஷின்ல என்னென்ன இருக்கு, எந்த வெர்ஷன், எது பாதில நிக்குதுன்னு உங்க டிஸ்க்குக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டு பிரச்சனையையும் போட்டு குழப்பிக்கிட்டுதான் பாதி பேரு ஃபார்மட் வரைக்கும் போறாங்க.

அந்த கணக்கு எங்க இருக்கு? வார் ஃபோல்டருக்குள்ள லிப், அதுக்குள்ள டிபிகேஜி, அங்க ஸ்டேட்டஸ்னு ஒரே ஒரு ஃபைல். டேட்டாபேஸ்னு சொன்னதும் ஏதோ பெரிய சமாச்சாரம்னு நினைப்பீங்க, அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடு மாதிரி எதுல வேணா திறந்து படிக்கலாம். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பத்தி, பேரு, வெர்ஷன், அப்புறம் அதோட நிலைமை மூணு வார்த்தைல: என்ன பண்ணனும்னு ஆசை, கோளாறு ஏதாவது உண்டா, இப்ப எந்த கட்டத்துல நிக்குது. ஒரு பேக்கேஜ் ஏறும்போது பாதி ஏறுனது, பிரிச்சு வெச்சது, பாதி கான்ஃபிகர் ஆனது (அதாவது ஓடுறதுக்கு பாதி தயாரானது), முழுசா முடிஞ்சதுன்னு படிப்படியா போகும், ஒவ்வொரு படியையும் எழுதி வெச்சுட்டுதான் அடுத்த படி.

இப்ப யோசிங்க. டெஸ்க்டாப்ல ஆயிரத்துக்கு மேல பேக்கேஜ் இருக்கும், ஸ்டேட்டஸ் ஃபைல் சில எம்பி வரும். ஒரு அப்டேட்ல 100 பேக்கேஜ் மாறுதுன்னா, ஆளுக்கு நாலு படின்னு வெச்சாலும் நானூறு தடவை அந்த முழு ஃபைலையும் திரும்ப எழுதணுமா? எழுதுனா மெஷின் நகராது, அதுவும் பழைய ஹார்ட் டிஸ்க்ல. எழுதாம கடைசில ஒரே தடவை எழுதிக்கலாம்னா நடுவுல கரண்ட் போனா நடந்தது எதுவுமே ஞாபகம் இருக்காது.

இதுக்கு டிபிகேஜி கண்டுபிடிச்ச வழிதான் எனக்கு ரொம்ப புடிச்ச இடம். நம்ம மளிகைக் கடை அண்ணாச்சி கூட்ட நேரத்துல பேரேட்டை திறக்கவே மாட்டாரு, துண்டு சீட்டுல எழுதி கம்பில குத்திடுவாரு, ராத்திரி கடை சாத்துறப்ப கம்பில இருக்குறதை வரிசையா எடுத்து பேரேட்ல ஏத்துவாரு. டிபிகேஜியும் அதேதான். ஸ்டேட்டஸ் ஃபைல் பக்கத்துலயே அப்டேட்ஸ்னு ஒரு ஃபோல்டர். ஒரு பேக்கேஜோட நிலைமை மாறுனா அந்த ஒரு பத்தியை மட்டும் சின்ன ஃபைலா எழுதி 0000, 0001, 0002ன்னு நம்பர் போட்டு அங்க வெச்சுடும். 250 சீட்டு தாண்டுனா, இல்ல வேலை முடிஞ்சா, எல்லாத்தையும் சேத்து புது ஸ்டேட்டஸ் ஃபைல் எழுதிட்டு சீட்டையெல்லாம் அழிச்சுடும்.

நடுவுல கரண்ட் போனா? அடுத்த தடவை டிபிகேஜி கண்ணு முழிச்சதும் முதல்ல பழைய ஸ்டேட்டஸை படிக்கும், அப்புறம் சீட்டுங்களை நம்பர் வரிசைல படிச்சு அது மேல போடும், எந்த இடத்துல நின்னுச்சோ அங்க வந்து நிக்கும். சரி, புது ஸ்டேட்டஸும் எழுதியாச்சு, ஆனா சீட்டை அழிக்கறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா ரெண்டு தடவை ஏறிடாதான்னு கேக்கலாம். ஏறாது. ஏன்னா ஒவ்வொரு சீட்டுலயும் "இவ்ளோ கூட்டு, இவ்ளோ கழி"ன்னு இல்ல, அந்த பேக்கேஜோட முழு நிலைமையும் இருக்கு, அதனால எத்தனை தடவை ஏத்துனாலும் முடிவு ஒண்ணுதான். இதை யோசிச்சவங்களுக்கு ஒரு கும்புடு போடலாம்.

இன்னொண்ணு இருக்கு, இதை சோர்ஸ் கோடுல பாத்தப்ப நான் சத்தமா சிரிச்சுட்டேன். டிஸ்க் ஃபுல் ஆயிடுச்சுன்னா சீட்டு எழுதவே இடம் இருக்காதே? பேக்கேஜை பாதி பிரிச்சாச்சு, ஆனா பாதி பிரிச்சேன்னு எழுதி வைக்க இடம் இல்ல, அதான் இருக்குறதுலயே மோசமான நிலைமை. அதனால டிபிகேஜி சீட்டு தேவைப்படறதுக்கு முன்னாடியே ஒரு தற்காலிக ஃபைலை திறந்து அதுல பேடிங், பேடிங், பேடிங்னு ஒரே வார்த்தையை 512 வரி எழுதி இடம் புடிச்சு வெச்சுக்கும், ஏறக்குறைய நாலரை கேபி. எழுத வேண்டிய நேரம் வந்தா அந்த ஃபைலோட ஆரம்பத்துக்கு போய் அது மேலயே நிஜ பத்தியை எழுதி, மிச்சத்தை வெட்டிட்டு, நம்பர் பேருக்கு மாத்திடும். பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிக்கிற ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

பேரு மாத்துறதுன்னு சொன்னேன் இல்ல, அதுலயும் விஷயம் இருக்கு. லினக்ஸ்ல ஒரு ஃபைலுக்கு பேரு மாத்துறது பாதில நிக்காது, ஒண்ணு பழசு இருக்கும், இல்ல புதுசு இருக்கும், நடுவுல ஒண்ணு கிடையாது. அதனால டிபிகேஜி இருக்குற ஸ்டேட்டஸ் மேலயே கை வைக்காது, ஸ்டேட்டஸ்-நியூன்னு தனியா எழுதும், பழசுக்கு ஸ்டேட்டஸ்-ஓல்டுன்னு பேரு குடுத்து வெச்சுக்கும், புதுசை கொண்டாந்து ஸ்டேட்டஸ்னு ஆக்கும். ஆனா பேரு மாத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்குற எழுத்து நிஜமா டிஸ்க்குக்கு போய் சேந்துச்சான்னு கேட்டு நிக்கணும், அந்த கேள்விக்குப் பேரு எஃப்-சிங்க். இதை கேக்காம விட்டா என்ன ஆகும்னு 2009ல உலகமே பாத்துச்சு. எக்ஸ்ட்4ங்கற ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கிற முறை) அப்ப புதுசு, எழுதுனதை உடனே டிஸ்க்குக்கு அனுப்பாம கொஞ்ச நேரம் மெமரிலயே வெச்சு சேத்து அனுப்பும், வேகத்துக்காக. பேரு மாறிடும், உள்ளடக்கம் இன்னும் மெமரில நிக்கும், அந்த நேரம் பாத்து மெஷின் தொங்குனா திரும்ப வரும்போது சரியான பேர்ல ஜீரோ பைட் ஃபைல். எக்ஸ்ட்4 எழுதுனவங்கள்ல முக்கியமானவரான தியோடர் ட்ஸோ, எஃப்-சிங்க் கேக்காத ப்ரோக்ராம் மேலதான் தப்புன்னாரு, ஆனாலும் ஜனங்க நிலைமைய பாத்து லினக்ஸோட மையமான கெர்னல்லயும் ஒரு பாதுகாப்பு சேத்துட்டாரு. அப்புறம் டிபிகேஜி எல்லா இடத்துலயும் எஃப்-சிங்க் கேக்க ஆரம்பிச்சதும் அப்டேட் ஆமை வேகமாச்சுன்னு அதுக்கும் ஒரு சண்டை நடந்துச்சு.

இவ்ளோ ஜாக்கிரதையா இருந்தும் தம்பியோட ஃபைல் ஏன் கெட்டுச்சு? டிபிகேஜி கேக்குற கேள்விக்கு டிஸ்க் உண்மைய சொல்லணும். சில டிஸ்க்குங்க "எழுதிட்டேன்"னு சொல்லிட்டு தன்னோட சொந்த கேஷ்லயே (தற்காலிக மெமரி) வெச்சிருக்கும். சர்வருக்கு வர்ற எஸ்எஸ்டில கரண்ட் போனாலும் கைல இருக்குறதை எழுதி முடிக்கிற அளவுக்கு கெப்பாசிட்டர் வெச்சிருப்பாங்க, வீட்டுக்கு வாங்குறதுல பெரும்பாலும் அது இருக்காது. இல்லன்னா டிஸ்க்ல கெட்டுப்போன இடம், அதாவது பேட் செக்டர், இல்லன்னா ரேம் கோளாறு.

இன்னொரு காரணம் நாமளே. ரெண்டு ப்ரோக்ராம் ஒரே நேரத்துல கணக்குல கை வைக்காம இருக்க வெச்ச லாக் ஃபைல், அதாவது பூட்டு ஃபைல், இருக்குன்னு எர்ரர் வந்தா அதை அழின்னு நெட்ல ஆயிரம் பேரு சொல்லி வெச்சிருக்காங்க. சிபியு மேல ஆயுத பூஜைக்கு பொட்டு வைக்கிறதால எந்த நஷ்டமும் இல்ல, நானும் வைப்பேன், ஆனா இந்த லாக் அழிக்கிறது நிஜமாவே ஆபத்தான மூடநம்பிக்கை. டிபிகேஜில அந்த ஃபைல் இருக்குறது பூட்டே இல்ல. அந்த ஃபைல் மேல ஓடிட்டு இருக்குற ப்ரோக்ராம் கெர்னல் கிட்ட வாங்கி வெச்சிருக்குற உரிமைதான் பூட்டு, ப்ரோக்ராம் செத்தா கெர்னலே அதை எடுத்துடும். அதனால லாக் எர்ரர் வந்தா யாரோ நிஜமா உள்ள வேலை பாக்குறாங்கன்னு அர்த்தம், உபுண்டுல பெரும்பாலும் தானா ஓடுற செக்யூரிட்டி அப்டேட்டுதான். நீங்க ஃபைலை அழிச்சா ரெண்டாவது ஆளு புது ஃபைல் உண்டாக்கி அது மேல புது பூட்டு வாங்கிடுவான், ரெண்டு பேரும் ஒரே கணக்குல எழுதுவாங்க, அதுக்கப்புறம் கலீஜ்தான். ஆர்ச் லினக்ஸ்ல இருக்குற பேக்மேன்ங்கற பேக்கேஜ் மேனேஜர்ல மட்டும் கதை வேற, அங்க ஃபைல் இருக்குறதுதான் பூட்டு, கரண்ட் போனா அது அப்படியே கெடக்கும், வேற எதுவும் ஓடலன்னு பாத்துட்டு கையால எடுக்கணும். அங்க சரியான வைத்தியத்தை இங்க கொண்டாந்து காப்பி பண்ணதுலயும் பாதி வினை.

இப்ப வேலைக்கு வருவோம். கமாண்டை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்குங்க. முதல்ல டிஎஃப் அடிச்சு டிஸ்க்ல இடம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் அந்த டிபிகேஜி ஃபோல்டர் முழுசையும் வேற இடத்துக்கு காப்பி எடுங்க, இதை விட்டுட்டு எதையும் தொடாதீங்க. எர்ரர் எந்த ஃபைல் பேரை சொல்லுதுன்னு நல்லா படிங்க. அப்டேட்ஸ் ஃபோல்டர்ல இருக்குற ஒரு நம்பர் சீட்டை சொன்னா அதை மட்டும் வெளிய எடுத்து வைங்க. ஸ்டேட்டஸையே சொன்னா அதை திறந்து அந்த வரிக்கு போங்க, குப்பை எழுத்து ஒரே பத்தில இருந்தா அந்த பத்தியை ஸ்டேட்டஸ்-ஓல்டுல இருந்து எடுத்து ஒட்டலாம். முழுசும் போச்சுன்னா ஸ்டேட்டஸ்-ஓல்டையே ஸ்டேட்டஸ் இடத்துக்கு காப்பி பண்ணுங்க. அதுவும் கெட்டிருந்தா வார் கீழ பேக்கப்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அங்க டிபிகேஜி ஸ்டேட்டஸோட பழைய காப்பிங்க இருக்கும், தினமும் பாத்து மாறியிருந்தா எடுத்து வெச்சது, நம்பர் சின்னதா இருந்தா புதுசு. சர்வீஸ் கடைல யாரும் இந்த ஃபோல்டரை திறந்து பாத்து நான் பாக்கல.

அடுத்து டிபிகேஜிய கான்ஃபிகர் ஆப்ஷனோட ஏ போட்டு ஓட்டுங்க, பாதில நின்னதையெல்லாம் அது முடிக்கும். பிறகு ஆப்ட் இன்ஸ்டாலை எஃப் ஆப்ஷனோட ஓட்டுனா டிபெண்டென்சி ஓட்டையை, அதாவது எதுக்கு எது தேவையோ அது இல்லாம நிக்கிறதை, அடைக்கும். பழைய காப்பிய வெச்சீங்கன்னா அதுக்கப்புறம் ஏறுன பேக்கேஜ் எதுவும் கணக்குல இருக்காது, லாக் ஃபோல்டர்ல (இது பூட்டு லாக் இல்ல, நடந்ததை எழுதி வைக்கிற லாக்) டிபிகேஜி லாக்னு ஒரு பதிவு இருக்கும், தேதி நேரத்தோட, அதை பாத்து விட்டுப்போனதை ரீஇன்ஸ்டால் பண்ணுங்க. ஒரு பேக்கேஜோட ஃபைல் லிஸ்ட் காணோம்னு வார்னிங் வந்தாலும் அதே ரீஇன்ஸ்டால்தான்.

நடுவுல ஒரு வார்த்தை. 2011ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் போட்டு குடுத்தாங்க, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் உருவாக்குனது, டெபியன்ல இருந்து வந்தது, அதாவது இதே டிபிகேஜி, இதே பேடிங் வரிங்க. தண்டையார்பேட்டைலயும் திருவொற்றியூர்லயும் எத்தனையோ பசங்க வீட்ல இது இருந்திருக்கு. மெஷினுக்கு செலவு பண்ண காசுல ஒரு துளி, அந்த பசங்க இந்த கோடை உக்காந்து படிக்கிறதுக்கு ஒதுக்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு எனக்கு ஒரு ஆதங்கம். உலகம் பூரா சர்வருங்க நம்பி ஓடுற டிபிகேஜியையே ஒரு சின்ன கூட்டம்தான் பராமரிக்குது, அதுக்கும் பெருசா யாரும் காசு குடுக்கறதில்ல.

தம்பி, எல்லாம் முடிச்சுட்டு டிபிகேஜி ஆடிட் ஆப்ஷன் ஓட்டி எதுவும் சொல்லாம அமைதியா திரும்புனா வேலை சரி. கையோட டிஸ்க்கோட ஸ்மார்ட் ரிப்போர்ட்டையும் (டிஸ்க் தன் உடல்நிலைய தானே சொல்றது) பாத்துடுங்க, ரீஅலொகேட்டட் செக்டர், அதாவது கெட்டுப்போய் மாத்து இடம் குடுத்த செக்டர் எண்ணிக்கை ஏறிட்டே போச்சுன்னா டேட்டாவை காப்பி எடுத்துட்டு டிஸ்க்கை மாத்துங்க, ரிப்போர்ட் சுத்தமா இருந்தும் கரண்ட் போகாமலே திரும்ப கெட்டுச்சுன்னா ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட் போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்க.