சுத்தவாளி என்ற சொல்லை ஏன் விட்டுக்கொடுக்கக் கூடாது

இந்தியாவில் 'நிரபராதி' என்பார்கள், இலங்கையில் எங்கள் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் கேட்கிற கேள்வி 'குற்றவாளியா, சுத்தவாளியா?'

சுத்தம் வடமொழி, ஆளி தமிழ் விகுதி, தொழிலாளி அறிவாளி மாதிரி. பத்திரிகைகளில் 'சுற்றவாளி' என்றும் வரும். குற்றத்தைக் குத்தம் என்று பேசிவிட்டு எழுதும்போது திருத்துகிற நாங்கள் அதே கையோடு சுத்தத்தையும் சுற்றமாக்கிவிட்டோம் என்று நினைக்கிறேன், சுற்றம் என்றால் உறவினர்தானே. தனித்தமிழில் 'குற்றமற்றவர்' என்பதே சரி.

ஆனால் எந்தச் சொல் சரி என்பதல்ல என் கவலை, குற்றமே செய்யாத எத்தனையோ பேர் கூண்டில் ஏறி 'குற்றவாளி' என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். என் மாமி மகன் அப்படித்தான். திருவிழா இரவு நடந்த அடிபாட்டில் அவன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள், அன்றைக்கு அவன் படுவான்கரையில் வேளாண்மைக்கு யானை வராமல் பரணில் காவல் இருந்தவன். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் வந்து போனால் அன்றைய கூலி போச்சு. ஐந்தாம் தவணையில் மாமியே 'ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டு மனே, அலைய ஏலாது' என்றா. கட்டினான். இப்போது கட்டாருக்குப் போகப் பொலிஸ் அறிக்கை எடுக்க வேண்டும் என்றதும் பயந்துபோய் இருக்கிறான்.

இதில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறோம். ஒப்புக்கொள்வது வேறு, சமாதானமாவது வேறு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 266ஆம் பிரிவில் சில குற்றங்களை முறைப்பாட்டாளரோடு இணங்கித் தீர்க்கலாம், அப்படித் தீர்த்தால் விடுதலையான மாதிரி. ஒப்புக்கொண்டால் அது தீர்ப்பாகி உங்கள் பெயரில் குற்றமாக நிற்கும். தண்டம் சின்னதோ பெரிதோ, பதிவு ஒன்றுதான்.

இலங்கை அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றம் எண்பிக்கப்படும் வரை எல்லாரும் சுத்தவாளி என்றே கொள்ள வேண்டும் என்கிறது. அதனால் நான் சொல்வது, செய்யாததைச் செய்தேன் என்று சொல்லவே கூடாது. அலைய ஏலாத நிலை உண்மைதான், எனக்கும் தெரியும். அப்படியிருந்தால் ஒப்புக்கொள்ள முதல் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் ஒருதரம் போய்க் கேளுங்கள், முறைப்பாட்டாளர் இணங்குவாரென்றால் 266ஐப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள்.