எஞ்சின்: இறக்கியது, ஏற்றியது, எஞ்சியது

"எஞ்சினை இறக்க வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னால் வண்டிக்காரன் முகம் விழுந்துவிடும். மருத்துவர் "திறந்துதான் பார்க்க வேண்டும்" என்று சொல்வது போன்ற வாக்கியம் அது. அப்பச்சியின் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) ஸ்கூட்டருக்கு அந்தத் தீர்ப்பு காரைக்குடி செக்காலைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கிடைத்தது. 1980களில் வாங்கிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி, கியரை இடக்கையால் திருக வேண்டும். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய அந்த வண்டியை, வெறும் பெட்ரோல் ஊற்றிக் கண்டனூர் வரை யாரோ ஓட்டியிருந்தார்கள். பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிட்டது. அந்த யாரோ நான்தான். ஏற்கெனவே இரண்டு முறை போர் அடித்த, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கிய, சிலிண்டர். இனி அதற்குச் செலவழிப்பது வீண். தேவகோட்டையில் பழைய இரும்புக் கடையில் கிடந்த அதே வகை எஞ்சின் ஒன்றை வாங்கி வந்து பூட்டுவது என்று முடிவாயிற்று.

மூன்று நாள் பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே காதில் விழுந்த பேச்சில் பெயர்ச்சொற்கள் எல்லாம் கப்பலேறி வந்தவை: கிளட்ச், கேபிள், பிஸ்டன், மேக்னெட், கார்புரேட்டர். வினைச்சொற்களில் ஒன்றுகூட வெளியூர் இல்லை. எஞ்சினை இறக்குகிறார்கள், ஏற்றுகிறார்கள், கட்டுகிறார்கள், உதைக்கிறார்கள், கேபிளைக் கோக்கிறார்கள், நட்டை முடுக்குகிறார்கள். தமிழ் தொழிற்பேச்சில் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் ஒரு பிற்பகல் அந்த ஸ்டூலில் உட்காரலாம். ஆனாலும் எஞ்சின் என்ற அந்தப் பெயர்ச்சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

முதலில் அதன் பூர்வீகம். லத்தீனில் 'இன்கேனியம்' என்றால் பிறவியிலேயே அமைந்த அறிவுத் திறம். அது பழைய பிரெஞ்சில் 'எஞ்ஜின்' (engin) ஆகி, சாமர்த்தியம், தந்திரம் என்று பொருள் தந்தது. பிறகு சாமர்த்தியத்தால் செய்த கருவியையும், குறிப்பாகக் கோட்டை மதிலை உடைக்கும் போர்க்கருவியையும் குறித்தது. ஏறத்தாழ 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நீராவியால் ஓடுவது, பெட்ரோலால் ஓடுவது என்ற பொருளெல்லாம் பல நூற்றாண்டு கழித்து ஏறிக்கொண்டவை. இதே சொல்லின் தலை தேய்ந்து ஆங்கிலத்தில் 'ஜின்' என்றும் ஒரு சொல் உண்டானது. விலங்கு பிடிக்கும் கண்ணிக்கு அந்தப் பெயர். பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் கருவிக்கும் அதுவே பெயரானது. நம் ஊர்களில் ஜின்னிங் ஆலை என்று சொல்கிறோமே, அது எஞ்சினுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என்ஜின், இஞ்சின், எஞ்ஜின் என்று பலவாறாக எழுதுகிறார்கள். 'எஞ்சின்' போதும். ஞகர மெய்க்குப் பின் வரும் சகரம் மெல்ல ஒலிப்பது நம் வாய்க்குப் பழக்கம். மஞ்சள், ஊஞ்சல், பஞ்சு என்று சொல்லிப் பாருங்கள். கிரந்த எழுத்து இல்லாமலே ஒலி சரியாக வந்துவிடுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'எஞ்சின்' பழந்தமிழில் முழுமையான ஒரு வினையெச்சம். எஞ்சு என்ற வினையோடு 'இன்' சேர்ந்தது. 'மிஞ்சினால்' என்று பொருள். இந்தப் பொருள் பின்னால் என்னை வந்து கடித்தது.

தமிழ்ச் சொல் என்று பலரும் உடனே எடுத்துத் தருவது 'இயந்திரம்'. வடமொழி 'யந்த்ர', அடக்கு, கட்டுப்படுத்து என்று பொருள்படும் 'யம்' என்ற வேரிலிருந்து வந்தது. அடக்கி ஆளும் கருவி என்று விரியும். இரவல்தான், ஆனால் நேற்று வாங்கியது இல்லை. சங்க இலக்கியத்திலேயே 'எந்திரம்' இருக்கிறது. ஐங்குறுநூற்றின் 55ஆம் பாட்டில் கரும்பு பிழியும் எந்திரம் யானைக்கு எதிராகப் பிளிறுகிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தவர்களுக்கு அந்த உவமையில் குறை காணத் தோன்றாது. எந்திரம் என்ற சொல்லில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான். தையல் மெஷினும் எந்திரம், மாவரைக்கும் மெஷினும் எந்திரம். அந்தப் பட்டறையின் கதவு நிலைக்கு மேலே செப்புத் தகட்டில் கட்டம் போட்டு மந்திரம் எழுதி மாட்டியிருந்தார்களே, அதுவும் யந்திரம்தான். எரிபொருளைத் தின்று உந்துவிசை தருவதை மட்டும் தனியே சுட்ட இந்தச் சொல்லுக்குக் கூர்மை போதவில்லை.

என் ஓட்டு 'பொறி'க்கு. இந்தச் சொல் வந்த வழியைப் பார்த்தால் எஞ்சினின் பிரெஞ்சுப் பாட்டனாரோடு கூடப் பிறந்ததோ என்று தோன்றும். அங்கே போர்க்கருவி, இங்கே சிலப்பதிகாரம் மதுரை மதிலில் வைத்திருந்த காவல் கருவிகளை அடுக்கும்போது 'வளைவிற் பொறி' என்கிறது, தானே வளைந்து அம்பு எய்யும் வில். அங்கே கண்ணி, இங்கே எலிப்பொறி. அங்கே அறிவுத் திறம்; இங்கே மனத்தில் சட்டென்று ஒன்று உதித்தால் 'பொறி தட்டியது' என்கிறோம். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. கருவி செய்பவனின் மூளையையும் அதில் மாட்டுகிறவனின் கதியையும் ஒரே சொல்லில் பார்க்க இரண்டு மொழிக்குமே தோன்றியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பொறி சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. பகைவன் அரண்மனையைச் சூழ்ந்தபோது கருவுற்ற விசயை அதில் ஏறித் தப்புகிறாள். பொறியை வலமாகத் திரித்தால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு எழும். இடமாகத் திரித்தால் காலைக் குவித்துத் தரையில் இறங்கும். கைப்பிடியைத் திருகி ஓட்டும் வாகனம்! நம் ஸ்கூட்டரிலும் வலக்கை திருகினால் வேகம், இடக்கை திருகினால் கியர். 1946-இல் வெளிவந்த வெஸ்பாவை வடிவமைத்த இத்தாலியர் கொராடினோ தஸ்கானியோ அதற்கு முன் ஹெலிகாப்டர் கட்டியவர். அவரிடம் மயிற்பொறியை யாராவது சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இருந்தும் பொறி ஏன் பட்டறைக்குள் வரவில்லை? 1952-இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி இதே ஊரில்தான் இருக்கிறது. பொறியியலும் பொறியாளரும் பலகையில் ஏறி எத்தனையோ காலமாயிற்று. இணையம் வந்த பிறகு 'தேடுபொறி' எந்தத் தடையும் இல்லாமல் நிலைத்துவிட்டது. ஆனால் பொறிக்குப் பொருள்கள் அதிகம், பட்டறையில் அவை ஒன்றோடொன்று மோதும். இதை நான் நேரிலேயே பார்த்தேன்.

அந்த வகை ஸ்கூட்டரில் செயின் கிடையாது. பின்சக்கரம் எஞ்சினோடு சேர்ந்த அச்சிலேயே மாட்டப்பட்டிருக்கும். குறுக்கே ஓடும் ஒரு நீண்ட போல்ட்டும் பின்பக்க ஷாக் அப்சார்பரும்தான் எஞ்சினைத் தாங்குகின்றன. ஆகவே இறக்குவதும் ஏற்றுவதும் கண்ணுக்குச் சுலபம். நேரத்தைத் தின்பவை கிளட்ச், கியர், பிரேக், ஆக்சிலேட்டர், சோக் என்று ஐந்து வகைக் கேபிள்களும் ஒயர்களும். எல்லாம் மாட்டி முடித்து உதைத்தோம். இருபது உதை ஆயிற்று. எஞ்சின் வாய் திறக்கவில்லை.

"கரண்டு வருகிறதா பார்ப்போம், தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். பிளக்கைக் கழற்றி அதன் உலோக உடலை ஹெட்டின் மேல் சாய்த்து வைத்து உதைக்கச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை. பல காலம் சும்மா கிடந்த எஞ்சின். பிளக்குக்குப் போகும் கரண்டைச் சேர்த்தும் பிரித்தும் விடும் காண்டாக்ட் பாயிண்ட்டின் முகம் களிம்பு பிடித்திருந்தது. உப்புத்தாளை மடித்து நுழைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். மறுபடி உதைத்தேன். பிளக்கின் நுனியில் ஊசிமுனை அளவில் நீலமாக ஒன்று சொடுக்கியது. அதுவும் பொறி. இப்போது யோசித்துப் பாருங்கள்: "பொறியில் பொறி வரவில்லை" என்று அவர் சொல்லியிருந்தால் கடைப்பையன் எதைப் போய்ப் பார்ப்பான்?

பழுது பார்ப்பதிலும் ஐம்பொறிக்கு வேலை இருந்தது. பிளக் ஈரமா காய்ந்திருக்கிறதா என்று விரல் பார்க்கிறது, அதன் நிறத்தைக் கண் பார்க்கிறது, கருகிய ஆயிலை மூக்கு பிடிக்கிறது, தட்டும் சத்தத்தைக் காது எடைபோடுகிறது. நாக்குக்கு மட்டும் வேலையில்லை என்று நினைத்திருந்தேன், கடைப்பையன் பெட்ரோல் குழாயை வாயால் உறிஞ்சி இழுத்துத் துப்பும் வரை. யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

எஞ்சின் கிளம்பிவிட்டது. அடுத்த வம்பு, ரேஸ் இறங்கவில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க விட்ட பிறகும் வண்டி அலறிக்கொண்டே நின்றது. கேபிள் இறுக்கமா என்று பார்த்தார், இல்லை. "எங்கோ காற்று இழுக்கிறது" என்றார். கார்புரேட்டர் வழியாக வர வேண்டிய காற்று வேறு இடுக்கு வழியாகவும் புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், எஞ்சின் தறிகெட்டு ஓடும், சூடேறும். அப்படியே ஓட்டினால் மறுபடி பிஸ்டன் கவ்வும். கண்டனூர் சாலை என் கண்முன் வந்தது.

கழற்றிய சாமான்களை மங்குத் தட்டு ஒன்றில் போட்டு வைத்திருந்தார்கள். நீல விளிம்பு, வெள்ளை எனாமல், அங்கங்கே பெயர்ந்து கறுத்தது. ஒரு காலத்தில் எந்த வளவு வீட்டிலோ விருந்து பார்த்த தட்டு. (கிண்ணத்துக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் 'மங்குக்' என்ற சொல்லோடு நம் 'மங்கு' என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்வார்கள். கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்கள் சாமானோடு சொல்லையும் ஏற்றி வந்திருக்கிறார்கள்.) தட்டு காலியாக இருந்தது. அண்ணன் அதை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். கவிழ்த்தார். அடிப்பக்கத்து ஆயில் பிசுக்கில் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்க வேண்டிய தாள் பேக்கிங் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்று எஞ்சின், எஞ்சினைத் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். கார்புரேட்டரைக் கழற்றி, பேக்கிங்கை வைத்து, மறுபடி முடுக்க அரை மணி நேரம். ரேஸ் இறங்கியது. எஞ்சின் பழையபடி பொத்துப் பொத்தென்று இருமிக்கொண்டு நின்றது.

சரி, எப்படித்தான் எழுதுவது? தனியே நிற்கும்போது எஞ்சின் என்றே எழுதுகிறேன். தமிழில் அதற்கு இடம் பழகிவிட்டது. கூட்டுச்சொல்லாக வரும் இடத்தில் பொறி: நீராவிப் பொறி, உள்ளெரி பொறி, தேடுபொறி. முன்னால் ஓர் அடை வந்துவிட்டால் தீப்பொறியோடும் எலிப்பொறியோடும் குழப்பம் வராது. இயந்திரத்தை எல்லா மெஷினுக்கும் பொதுவாக விட்டுவிடலாம்.

வேலை அத்தோடு முடியவில்லை. எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. எஞ்சின் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து எண்ணையும் மாற்றிக்கொள்ள வேண்டும். புது எஞ்சினின் உடலில் எண் பொறித்திருந்த இடத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்து, மெல்லிய தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து எண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. வீட்டில் தாளை நீட்டியபோது அப்பச்சி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பழைய எண்ணை ஒரு தடவை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, "ஆயில் ஊற்றினாயா?" என்று கேட்டார்.