ஊதிய பிறகு: குடிபோதை வழக்கில் லைசென்ஸ் படும் பாடு

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம் என்பது திருநெல்வேலிச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடப்பது மாட்டிக்கொண்டவருக்கே தெரிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை என்றால் 15,000 ரூபாய் அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ. தண்டனையைப் பற்றி இவ்வளவு போதும்.

முன்பு 2,000 ரூபாயாக இருந்த அபராதம் 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் ஐந்து மடங்கானது. அதனால் ஓட்டுநர்கள் குடியை விட்டதை நான் அதிகம் பார்க்கவில்லை. பாதையை மாற்றிக்கொண்டதைத்தான் பார்க்கிறேன். வண்ணார்பேட்டையில் ஊதச் சொல்கிறார்கள் என்று செல்போனில் செய்தி வந்துவிட்டால், கோயில் கொடை விழா முடிந்து நள்ளிரவில் திரும்புகிறவர்கள் விளக்கில்லாத குளத்தங்கரைச் சாலையில் புகுந்துவிடுகிறார்கள். எந்தச் சாலையிலும் எந்த இரவிலும் நிறுத்துவார்கள் என்ற எண்ணம் இருந்தால்தான் சாவியைத் தொடும் கை தயங்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறை வந்தபோது, சாலை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இங்கே போலீசார் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நிற்பதால், வழி தெரிந்தவர் தப்பிக்கிறார்; தெரியாத வெளியூர்க்காரரும் கூலிக்கு ஓட்டுகிறவரும் மாட்டுகிறார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர் அலைக்கழிக்கப்படும் விதம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

இது சாலையோரத்தில் பணம் கட்டி முடிக்கக்கூடிய குற்றமல்ல, நீதிமன்றத்தில்தான் முடியும். அங்கேயே தீர்த்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம், ஏனென்றால் பணமும் போய், சில மாதம் கழித்துச் சம்மனும் வரும். கருவி காட்டிய அளவு, தேதி, நேரம் ஆகியவை உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விட்டுவிட்டதாலேயே வழக்கு போய்விட்டது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

பெரிய பொறி லைசென்ஸில் இருக்கிறது. போலீசார் அதை எடுத்துக்கொண்டு ஒப்புகைச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள். அந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். இந்தக் குற்றத்தில் அந்தச் சீட்டுக்கு அப்படியொரு அனுமதி கிடையாது. 206-ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. களக்காட்டு வாழைத்தாரைக் குட்டியானையில் ஏற்றிவரும் ஓட்டுநர் அதை நம்பி மறுநாளே வண்டியை எடுத்தால், அது இன்னொரு வழக்காகும். தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் அபராதம் உண்டு.

நீதிமன்றத்தில் அபராதம் கட்டியதும் லைசென்ஸ் திரும்பிவிடும் என்பதும் தவறு. அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், 19-ஆவது பிரிவின் கீழ்த் தனி விசாரணை நடக்க வேண்டும். முதல் முறைக்கு 3 மாதத் தடை, மறுமுறை ரத்து. தடை விதிக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும். ஆனால் கடிதம் லைசென்ஸில் உள்ள பழைய முகவரிக்குப் போய்த் திரும்பினால், உங்களைக் கேட்காமலே உத்தரவு வந்துவிடும். உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

காவல் நிலையத்தில் கேட்டால் லைசென்ஸை அனுப்பிவிட்டோம் என்பார்கள். போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டால் வரவில்லை என்பார்கள். அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். தர மறுத்தால், திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்து மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்ட எதற்கும் எந்த அலுவலகத்திலும் சாட்சி இருக்காது. 3 மாதம் முடிந்ததும் லைசென்ஸ் வாங்கப் போகிறவரிடம் புத்தாக்கப் பயிற்சிச் சான்று எங்கே என்று கேட்பார்கள். அந்தப் பயிற்சியை முடித்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதை முதல் நாளே ஒருவரும் சொல்வதில்லை என்பதுதான் கொடுமை. ஆகவே தடைக்காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

குடித்தவர் மோதியதில் அடிபட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுநர் குடித்திருந்ததால் இன்சூரன்ஸ் ஒன்றும் தராது என்று சொல்லி, கொஞ்சம் பணத்தைக் கையில் திணித்துக் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் அந்தக் காரணத்தை எழுப்பலாம் என்பது உண்மை. ஆனாலும் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கின்றன. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்க 164-ஆவது பிரிவு வழி தருகிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலையும், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும் உடனே வாங்குங்கள். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கச் சட்டம் தரும் கெடு 6 மாதம். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.